பூச்சியின் மண ஏற்பி செயற்கைச் சவ்வில் மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் வழி

பூச்சியின் மண ஏற்பியைச் செயற்கைச் சவ்வில் பதித்து மின்னோட்டம் அளக்கும்போது இரண்டு விதமான சிக்கல் வரும். எதுவுமே வராமல் இருப்பது ஒன்று. ஏதோ வருகிறது, ஆனால் அது ஏற்பியிடமிருந்துதான் வருகிறதா என்று அடித்துச் சொல்ல முடியாமல் இருப்பது இன்னொன்று. முதல் வகை நேரத்தைத்தான் தின்னும். இரண்டாவது வகை ஆளை ஏமாற்றிவிடும். மணப் பொருள்கள் பெரும்பாலும் கொழுப்பில் கரைபவை; சவ்வும் கொழுப்பு. ஏற்பி ஒன்றுகூட இல்லாத சவ்வையும் மணம் ஏதாவது செய்யத்தான் செய்யும். கீழே வரும் அறிகுறிகளில் பாதி இந்த ஒரு காரணத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன.

முதலில், எதைத் தேடுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். பூச்சியின் மண ஏற்பி சவ்வை ஏழு முறை கடந்து செல்லும் புரதம். பாலூட்டிகளின் மண ஏற்பியும் ஏழு முறைதான் கடக்கிறது. ஆனால் பூச்சியுடையது தலைகீழாகப் பதிந்திருக்கிறது, அதன் அமினோ முனை (புரதச் சங்கிலி தொடங்கும் முனை) செல்லுக்கு உள்பக்கம் இருக்கிறது என்பது 2006-ல் தெரியவந்தது. இந்த ஏற்பியும் ஆர்கோ என்ற துணைப் புரதமும் கூடி ஓர் அயனி சேனலாக வேலை செய்கின்றன என்பதை 2008-ல் வெளியான இரண்டு ஆய்வுகள் காட்டின. மணம் வந்து ஒட்டினால் சேனல் திறக்கும். சோடியம், பொட்டாசியம், கால்சியம் என்று நேர்மின் அயனிகள் கடக்கும். வேறு எந்த நொதித் தொடரும் இல்லாமல் வெறும் லிப்பிட் (கொழுப்பு) சவ்வில் இதைப் படிக்க முடிவது இதனால்தான்.

ஒரு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செல் சவ்வில் அளந்தபோது இந்தச் சேனல் ஒன்றின் கடத்துதிறன் சில பத்து பிகோசீமன்ஸ் அளவில்தான் கிடைத்திருக்கிறது. 20 பிகோசீமன்ஸ் என்று வைத்தால், 60 மில்லிவோல்ட்டில் ஒரு சேனல் தருவது 1.2 பிகோஆம்பியர். திரையில் 50 பிகோஆம்பியர் உயரத்துக்கு ஒரே படியாக ஏதாவது எழும்பினால், சந்தோஷப்படும் முன் சந்தேகப்படுங்கள்.

ஆம்ப்ளிஃபயர் உச்சத்தில் முட்டி நிற்கிறது, அல்லது அசையவே இல்லை

சவ்வு நிற்பது, இரண்டு உப்புக் கரைசல்களுக்கு நடுவே உள்ள தடுப்பின் சிறு துளையில். முட்டி நின்றால் அந்தத் துளை திறந்து கிடக்கிறது, சவ்வு இல்லை. அசையாமல் பூஜ்யத்தில் கிடந்தால் சவ்வு இருக்கலாம். லிப்பிட் கட்டி துளையை அடைத்திருக்கலாம். எலக்ட்ரோடு ஒயர் கழன்றிருக்கலாம். மூன்றுக்கும் திரையில் ஒரே கோடுதான் தெரியும். பிரித்துக் காட்டுவது கெப்பாசிடன்ஸ், அதாவது சவ்வு மின்சுமையைத் தேக்கும் திறன்.

25 ஹெர்ட்ஸில், பூஜ்யத்துக்கு மேலும் கீழுமாக 10 மில்லிவோல்ட் முக்கோண அலை கொடுங்கள். மின்னழுத்தம் ஏறும் வேகம் நொடிக்குச் சரியாக 1 வோல்ட். அப்போது திரையில் தெரியும் சதுர அலை, பூஜ்யக் கோட்டிலிருந்து எத்தனை பிகோஆம்பியர் உயரம் எழும்புகிறதோ, கெப்பாசிடன்ஸ் அத்தனை பிகோஃபாரட். வாய்க்கணக்காகப் போட்டுவிடலாம். 150 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளையில், டெக்கேன் என்ற எண்ணெய் கலந்து பூசிய சவ்வுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோஃபாரட் என்று எடுத்தால், கிட்டத்தட்ட 88 பிகோஃபாரட் வர வேண்டும். இருபதோ முப்பதோ வந்தால் துளையின் பெரும்பகுதி தடித்த லிப்பிட் வளையமாகவே கிடக்கிறது, நடுவில் மட்டும் கொஞ்சம் மெலிந்திருக்கிறது என்று பொருள். காத்திருங்கள், அல்லது காற்றுக் குமிழ் ஒன்றைத் துளைமேல் உருட்டி மறுபடி பூசுங்கள். இரண்டு மூன்று பிகோஃபாரட்தான் வருகிறது என்றால் முழு அடைப்பு, இல்லாவிட்டால் ஒயர்.

கெப்பாசிடன்ஸ் பார்க்காமல் எடுத்த எந்தப் பதிவையும் நான் நம்புவதில்லை. பதிவின் தொடக்கத்தில் ஒருமுறை, மணம் கொடுத்த பிறகு ஒருமுறை, முடிவில் ஒருமுறை என்று எழுதி வைத்தால், பின்னால் வரும் பல குழப்பங்களுக்கு விடை அந்த மூன்று எண்ணிலேயே இருக்கும்.

அடிக்கோடு மெதுவாக நகர்ந்துகொண்டே போகிறது

பெரும்பாலும் எலக்ட்ரோடுதான். வெள்ளிக் கம்பியின் மேல் படிந்த வெள்ளிக் குளோரைடு உரிந்திருக்கும். நல்ல கம்பி சீரான கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும். இடையிடையே பளபளப்பு தெரிந்தால் சுரண்டி, பிளீச் கரைசலில் மறுபடி ஊறவைத்துவிடுங்கள். வெள்ளிக் குளோரைடு ஒளி பட்டால் மாறும் பொருள் என்பதால் நுண்ணோக்கியின் விளக்கும் கோட்டை நகர்த்தும். விளக்கை அணைத்துப் பாருங்கள்.

லிப்போசோம் (ஏற்பியைச் சுமந்துவரும் நுண்ணிய லிப்பிட் பை) சவ்வோடு இணைவதற்காக இரு பக்கமும் வெவ்வேறு உப்புச் செறிவு வைத்திருந்தால் கூடுதலாக ஒரு கண்ணி உண்டு. ஒரு பக்கம் மறுபக்கத்தைப் போல் பத்து மடங்கு பொட்டாசியம் குளோரைடு என்றால், வெறும் கம்பிகளுக்கு இடையிலேயே ஏறத்தாழ 58 மில்லிவோல்ட் வித்தியாசம் உண்டாகும். நீங்கள் கொடுக்க நினைக்கும் மின்னழுத்தத்துக்குச் சமமான பிழை அது. 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு நிரப்பிய அகார் பாலம் வைத்துவிட்டால் தொல்லை போய்விடும்.

இரைச்சலில் எதுவும் தெரியவில்லை

இரைச்சலைப் பெரிதாக்கிப் பாருங்கள். சீரான 50 ஹெர்ட்ஸ் அலை என்றால், சில நாடுகளில் 60, மின்கம்பி வழியாக வருகிறது. இரைச்சலைத் தடுக்கச் சுற்றி வைத்த உலோகக் கூண்டின் கதவு, தரை இணைப்பு, பக்கத்தில் இருக்கும் கலக்கி மோட்டார் என்று ஒவ்வொன்றாகத் துண்டியுங்கள். மேசையைத் தட்டினால் இரைச்சல் கூடுகிறதென்றால் அதிர்வு. ஒழுங்கே இல்லாத தடித்த பட்டை என்றால் அது சவ்வின் கெப்பாசிடன்ஸோடு சேர்ந்து ஆம்ப்ளிஃபயர் தருவது.

கடைசியாகச் சொன்னது கூண்டால் போகாது. கெப்பாசிடன்ஸ் கூடக் கூட இந்த இரைச்சலும் கூடும். 1.2 பிகோஆம்பியர் படியைத் தேடுபவர் 250 மைக்ரோமீட்டர் துளையோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை. துளையைச் சிறிதாக்குங்கள், வடிகட்டியைச் சில நூறு ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். ஒற்றைச் சேனல் பார்க்கும் ஆசையே இல்லை, நூற்றுக்கணக்கில் பதித்து மொத்த மின்னோட்டத்தை அளந்தால் போதும் என்றால், பெரிய சவ்வே நல்லது. எது வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

அமைப்பு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, தானே சிறு சேனலாகும் கிராமிசிடின் என்ற பெப்டைடு உதவும். அதன் படியும் பிகோஆம்பியர் அளவில்தான் இருக்கும். கிராமிசிடின் தெரியாத அமைப்பில் மண ஏற்பி தெரியாது. பலரும் சவ்வில் பெரிய துளை போடும் ஆல்பா ஹீமோலைசின் என்ற பாக்டீரியா நச்சுப் புரதத்தை வைத்துச் சோதிக்கிறார்கள். 1 மோலார் பொட்டாசியம் குளோரைடில், 100 மில்லிவோல்ட்டில் அது 100 பிகோஆம்பியர் அளவுக்குத் தருவதால் எந்த இரைச்சலிலும் தெரியும். சவ்வு ஒரே ஓர் இரட்டை லிப்பிட் அடுக்காக இருக்கிறது என்பதை அது காட்டும். மண ஏற்பியைப் பார்க்கும் அளவுக்கு அமைப்பு அமைதியாக இருக்கிறது என்பதைக் காட்டாது.

சவ்வு உடைந்துகொண்டே இருக்கிறது

புரதம் சேர்க்கும் முன்பே உடைந்தால் லிப்பிட்டைச் சந்தேகியுங்கள். இரட்டைப் பிணைப்பு உள்ள லிப்பிட்டுகள் காற்றுப் பட்டால் ஆக்சிஜனேற்றம் ஆகும். குளோரோஃபார்மில் கரைத்து, கண்ணாடிக் குப்பியில், டெஃப்லான் உள்மூடி போட்டு, ஆர்கான் நிரப்பி உறையவைத்து வைத்தால் தாங்கும். டைஃபைட்டனாயில் வகை லிப்பிட்டில் இரட்டைப் பிணைப்பு இல்லாததால் அது நீண்ட நேரம் நிற்கும். பழகும்போது அதிலேயே தொடங்குவது நல்லது. ஓரம் பிசிறடித்த துளை, எண்ணெய்க்குள் இரண்டு நீர்ச்சொட்டுகளை ஒட்டிச் சவ்வு செய்யும் முறையில், சொட்டைச் சுற்றி ஒற்றை லிப்பிட் அடுக்கு உருவாக நேரம் கொடுக்காமல் சொட்டுகளை ஒட்டவைப்பது, 200 மில்லிவோல்ட்டைத் தாண்டிப் போவது, இவையும் வழக்கமான காரணங்கள்.

புரதம் சேர்த்ததும் உடைகிறதா? அப்படியானால் காரணம், புரதத்தைக் கரைத்து வைக்கச் சேர்த்து, கூடவே வந்த டிடர்ஜென்ட். டோடெசில் மால்டோசைடு என்ற டிடர்ஜென்ட் 0.17 மில்லிமோலாரிலேயே மைசெல் (மூலக்கூறுகள் சேர்ந்த சிறு உருண்டை) ஆகிவிடும். அந்த மைசெல்கள் டயாலிசிஸ் பைத் துளைகளில் எளிதில் நுழையாது, ஆகவே வெறும் டயாலிசிஸால் அதை நீக்குவது பெரும்பாடு. பாலிஸ்டைரீன் மணிகளைப் போட்டு உறிஞ்ச வைக்க வேண்டும். ஆக்டைல் குளுக்கோசைடு 20 மில்லிமோலாருக்கு மேல்தான் மைசெல் ஆகும் என்பதால் டயாலிசிஸில் எளிதாகப் போய்விடும். ஆனால் புரதத்துக்கு அது அவ்வளவு மென்மையானதல்ல. டிடர்ஜென்டே வேண்டாம் என்றால், செல் இல்லாத புரதத் தயாரிப்புக் கலவையில் லிப்போசோமையும் சேர்த்துவிட்டு, புரதம் உருவாகும்போதே சவ்வில் ஏறும்படி செய்யலாம். அதற்கும் ஒரு விலை உண்டு, அடுத்து வருகிறது.

ஏற்பி சேர்க்காத சவ்விலும் படிகள் வருகின்றன

படியின் உயரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு படியும் வேறு வேறு உயரம், ஊசி ஊசியாக எழுந்து விழுகிறது என்றால் டிடர்ஜென்ட், அல்லது கெட்டுப்போன லிப்பிட்.

எல்லாப் படியும் ஒரே உயரம், அதுவும் மிகப் பெரியது என்றால் வேறு ஒரு சேனல் திருட்டுத்தனமாக நுழைந்திருக்கிறது. ஈ. கோலையிலிருந்து எடுத்த சாறு அல்லது புரதம் என்றால் அதன் வெளிச்சவ்வில் இருக்கும் போரின் என்ற துளைப் புரதம் சந்தேகத்துக்குரியது. மூன்று துளைகள் சேர்ந்த கூட்டு அது. 1 மோலார் பொட்டாசியம் குளோரைடில் மொத்தம் நானோசீமன்ஸ் கணக்கில் கடத்தும், மின்னழுத்தத்தை 100 மில்லிவோல்ட்டுக்கு மேல் ஏற்றினால் ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாக மூடும். அந்த மூன்று படி இறக்கம் அதன் கைரேகை. பூச்சி செல்லிலிருந்தோ பாலூட்டி செல்லிலிருந்தோ எடுத்த சவ்வுத் துணுக்குகள் என்றால் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வுச் சேனல். அதுவும் நானோசீமன்ஸ் அளவு. பூஜ்யத்துக்கு அருகில் திறந்திருக்கும், இரு பக்கமும் சில பத்து மில்லிவோல்ட் தாண்டினால் பாதி மூடும்.

இரண்டுமே மண ஏற்பியைவிட நூறு மடங்கு பெரியவை. ஒன்றே ஒன்று நுழைந்தாலும் உங்கள் ஏற்பி அதன் இரைச்சலுக்குள் காணாமல் போய்விடும். அந்தச் சவ்வைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். உடைத்துவிட்டுப் புதிது போடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் சுத்திகரிப்புக்குத் திரும்புங்கள்.

ஏற்பி சேர்த்தும் எதுவும் இல்லை

புரதம் லிப்போசோமில் ஏறியதா, லிப்போசோம் சவ்வோடு இணைந்ததா, இணைந்த புரதம் உயிரோடு இருக்கிறதா. இந்த வரிசையில் போங்கள். பலரும் மூன்றாவதிலிருந்து தொடங்கி வாரக்கணக்கில் மணச் செறிவை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

முதல் கேள்விக்கு, ஒளிரும் புரதக் குறி ஒட்டி, அடர்த்திச் சரிவில் மிதக்க விட்டுப் பாருங்கள். லிப்போசோமோடு மேலே மிதப்பது மட்டும்தான் கணக்கு. அடியில் தங்குவது கட்டி தட்டிய புரதம்.

இரண்டாவதில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். லிப்போசோமைச் சேர்த்தால் தானாக இணைந்துவிடாது. சேர்க்கும் பக்கத்தில் உப்பு அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்க வேண்டும். எதிர்மின் லிப்பிட் கொஞ்சமும் கால்சியம் கொஞ்சமும் இருந்தால் உதவும். எத்தனோலமைன் தலை உள்ள லிப்பிட் கலந்தால் இன்னும் எளிது. கலக்கியை மறந்துவிடாதீர்கள். இணைந்ததா என்று கண்ணால் பார்க்க ஒரு நல்ல உத்தி இருக்கிறது: லிப்போசோமில் நிஸ்டாடின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தும் எர்கோஸ்டெரால் என்ற பூஞ்சைக் கொழுப்பும் சேர்த்துவிடுங்கள். எர்கோஸ்டெரால் இருக்கும்வரை நிஸ்டாடின் துளையாக நிற்கும். லிப்போசோம் சவ்வில் கலந்ததும் மின்னோட்டம் சட்டென்று எழும்; எர்கோஸ்டெரால் பெரிய சவ்வில் பரவி நீர்த்துப்போக, துளைகள் பிரிந்து, மின்னோட்டம் சில நொடிகளில் மெதுவாக வடிந்து இறங்கும். அந்த வடிவம் ஒவ்வொன்றும் ஓர் இணைவு. எண்ணிக்கொள்ளலாம். பெரிய சவ்வில் எர்கோஸ்டெரால் கலந்துவிடக் கூடாது, கலந்தால் துளைகள் பிரியாது.

மூன்றாவது கேள்விக்கு மணத்தை எடுக்காதீர்கள். வி.யு.ஏ.ஏ.1 என்ற சேர்மத்தை எடுங்கள். 2011-ல் கண்டறியப்பட்ட இது ஆர்கோவையே நேரடியாகத் திறக்கும். ஆர்கோ தனியாக நான்கு சேர்ந்த சேனலாக இருந்தாலும் சரி, மண ஏற்பியோடு கூடியிருந்தாலும் சரி, வேலை செய்யும். இந்தப் பூச்சி அந்தப் பூச்சி என்ற பேதமும் பெரிதாக இல்லை. நீரில் சரியாகக் கரையாது என்பதுதான் அதன் குறை. செறிவைக் கூட்டிக்கொண்டே போனால் கண்ணுக்குத் தெரியாமல் படிந்துவிடும், நீங்கள் ஊற்றியது ஒன்று, சவ்வு பார்த்தது இன்னொன்று என்று ஆகிவிடும். டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் புதிதாகக் கரைத்து, கலங்கல் இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

இதற்கும் பதில் இல்லை என்றால் ஆர்கோவே சவ்வில் இல்லை, அல்லது இருந்தும் செத்துவிட்டது. மண ஏற்பியைப் பற்றி இப்போது யோசிக்க ஒன்றுமில்லை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு குறுக்குவழி: மேகிலிஸ் ராபெய் என்ற, இறகில்லாத பழமையான பூச்சியின் ஐந்தாம் எண் ஏற்பி. அந்தப் பூச்சியிடம் ஆர்கோவே இல்லை. இந்த ஏற்பியே நான்கு சேர்ந்து தனியாகச் சேனல் ஆகிவிடும். கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜெனால், கொசுவிரட்டியான டி.ஈ.ஈ.டி இரண்டும் அதைத் திறக்கும். அவை ஒட்டிய நிலையிலான அதன் அமைப்பு 2021-ல் வெளியானது. இரண்டு புரதத்தைச் சரியான விகிதத்தில் சேர்க்கும் தலைவலி இல்லாமல், அமைப்பு முழுவதையும் இதை வைத்தே பழகிக்கொள்ளலாம். ஆர்கோ இல்லை என்பதால் இங்கே வி.யு.ஏ.ஏ.1-ஐ நம்பாதீர்கள், யூஜெனாலே சோதனை.

வி.யு.ஏ.ஏ.1-க்கு வருகிறது, மணத்துக்கு வரவில்லை

ஆர்கோ இருக்கிறது, திறக்கிறது. மண ஏற்பி கூடச் சேரவில்லை, அல்லது மணம் வந்து சேரவில்லை.

கொசுவின் ஏற்பி, ஆர்கோ கூட்டுகளின் அமைப்பு 2024-ல் வெளியானபோது, ஒரு ஏற்பிக்கு மூன்று ஆர்கோ என்ற விகிதம் தெரிந்தது. இதைப் பார்த்துவிட்டு ஆர்கோவை மூன்று மடங்கு ஊற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஆர்கோ தனக்குள்ளேயே நான்காகக் கூடிக்கொள்ளும். அதிகமாக இருந்தால் சவ்வு முழுக்க வெறும் ஆர்கோ சேனல்கள்தான் இருக்கும். அவை வி.யு.ஏ.ஏ.1-க்கு அழகாகத் திறக்கும், மணத்தைக் கண்டுகொள்ளாது. இந்த அறிகுறி அப்படியே இதுதான். இரண்டையும் தனித்தனியாகச் செய்து பின்னால் கலப்பதைவிட ஒரே கலவையில் ஒன்றாகவே உருவாக விடுங்கள், ஏற்பிக்கு ஒரு குறியும் ஆர்கோவுக்கு வேறொரு குறியும் வைத்து, ஏற்பியின் குறியால் இழுத்தால் ஆர்கோவும் கூட வருகிறதா என்று பாருங்கள்.

கூட்டு சரியாக இருந்தும் பதில் இல்லையா? அப்படியானால் மணம் எங்கே போகிறது என்று கணக்குப் போடுங்கள். எண்ணெய்க்குள் இரண்டு நீர்ச்சொட்டுகளை ஒட்டிச் சவ்வு செய்யும் முறையில் இது பெரிய விஷயம். உங்கள் மணப் பொருள் நீரைவிட அந்த எண்ணெயில் நூறு மடங்கு கரையும் என்று வைத்துக்கொள்வோம். சொட்டைப்போல் பத்து மடங்கு எண்ணெய் சுற்றிலும் இருக்கிறது. சமநிலை வந்த பிறகு சொட்டில் மிஞ்சுவது ஆயிரத்தில் ஒரு பங்குதான். பாட்டிலில் 100 மைக்ரோமோலார் என்று எழுதியிருப்பீர்கள், ஏற்பி பார்ப்பது 0.1 மைக்ரோமோலார். பதிவைப் பார்த்து இந்த ஏற்பிக்கு உணர்திறன் குறைவு என்று எழுதினால், குறைவாக இருந்தது சொட்டில் இருந்த மணம்தான்.

வழி என்ன? எண்ணெயின் அளவைக் குறையுங்கள். மணத்தை ஒருமுறை ஊற்றிவிட்டு விடாமல் தொடர்ந்து ஓடவிடுங்கள். எண்ணெய் மிகக் குறைவாக இருக்கும், இரண்டு ஒற்றை லிப்பிட் அடுக்குகளைத் துளையில் சேர்த்து ஒட்டும் மடிப்பு முறைச் சவ்வுக்கு மாறுங்கள். நீரில் சரியாகக் கரையாத பொருளைக் காற்றாகவே கொண்டுவந்து சொட்டின் அருகே செலுத்துவது இன்னொரு வழி. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் குழு 2021-ல் வெளியிட்ட வேலையில், நீரினூடே நுண்பிளவுகள் வழியாகக் காற்றை ஓடவிட்டு, கொசுவின் ஆக்டெனால் ஏற்பியைக் கொண்டு மூச்சில் கலந்த ஆக்டெனாலைப் பில்லியனில் ஒரு பங்கு என்ற அளவுகளில் பிடித்தார்கள். சவ்வு அதே சவ்வுதான். மணத்தைக் கொண்டுவந்து சேர்த்த விதம்தான் வித்தியாசம்.

குழாய்களையும் பாருங்கள். சிலிகோன் ரப்பர் மணத்தை உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் மெல்ல மெல்லத் திருப்பித் தரும். பிளாஸ்டிக் முனையில் கரைசலை ராத்திரி முழுக்க வைத்துவிட்டு காலையில் அதே செறிவை எதிர்பார்க்கக் கூடாது. கண்ணாடியும் டெஃப்லானும்தான் நல்லது.

மணத்துக்கு வருகிறது, ஆனால் ஏற்பி இல்லாத சவ்விலும் வருகிறது

இந்த அறிகுறி தெரிந்தால் அது நல்ல நேரம், ஏனென்றால் வெற்றுச் சவ்வைச் சோதிக்கவே செய்யாதவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். இதற்குள் மூன்று தனித்தனிப் பிழைகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, சவ்வு அசைகிறது. ஓட்டத்தைத் திறக்கும்போதும் பிப்பெட்டால் சொட்டு விடும்போதும் அழுத்தம் மாறும், சவ்வு உப்பும், பரப்பு கூடும், கெப்பாசிடன்ஸ் மாறும். மாறும் கெப்பாசிடன்ஸ் மின்னோட்டம் தரும். கணக்கைப் பாருங்கள்: 60 மில்லிவோல்ட்டில், 10 மில்லிநொடியில் கெப்பாசிடன்ஸ் 10 பிகோஃபாரட் மாறினால் 60 பிகோஆம்பியர். ஐம்பது சேனல்கள் ஒரே சமயத்தில் திறந்தது போல் இருக்கும். கண்டுபிடிப்பது சுலபம். இந்தப் போலிச் சிக்னல் ஊசிபோல் எழுந்து உடனே பூஜ்யத்துக்கு வரும், ஓட்டத்தை நிறுத்தும்போது எதிர்ப்பக்கம் இன்னோர் ஊசி காட்டும். சேனல் திறந்தால் மின்னோட்டம் மணம் இருக்கும்வரை நிற்கும். மணமே இல்லாத வெறும் கரைசலை அதே வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். அதற்கும் வந்தால் அசைவுதான்.

இரண்டு, கரைப்பான். மணத்தை டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்திருந்தால் இறுதியில் அது 0.1 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது, எல்லாச் செறிவுகளிலும் ஒரே அளவாகவும் இருக்க வேண்டும். மணச் செறிவைக் கூட்டும்போது டி.எம்.எஸ்.ஓ.வும் கூடிக்கொண்டே போனால், நீங்கள் வரைவது டி.எம்.எஸ்.ஓ.வின் வளைகோடு.

மூன்றுதான் உண்மையில் கடினமானது: மணமே சவ்வுக்குள் கரைந்து அதைக் கசிய வைக்கிறது. நீண்ட சங்கிலி ஆல்கஹால்கள் இதில் கெட்டிக்காரர்கள். அடையாளம், மின்னோட்டத்தோடு கெப்பாசிடன்ஸும் நகரும். கழுவினாலும் மெதுவாகத்தான் இறங்கும். செறிவைக் கூட்டினால் எங்கேயும் நிறைவடையாமல் சவ்வு உடையும்வரை ஏறிக்கொண்டே போகும். ஏற்பி என்றால் ஒரு கட்டத்தில் வளைகோடு படுத்துவிடும்.

வெற்றுச் சவ்வு ஒரு கட்டுப்பாடு, ஆனால் போதாது. புரதம் ஏறிய சவ்வு வெற்றுச் சவ்வைவிட எளிதில் கசியக்கூடும். ஆகவே ஆர்கோ மட்டும் உள்ள சவ்வில் அதே மணத்தைக் கொடுங்கள், வரக் கூடாது. பிறகு, அதே அளவுக்குக் கொழுப்பில் கரையும், ஆனால் உங்கள் ஏற்பிக்குப் பிடிக்காத வேறொரு மணத்தைக் கொடுங்கள். அதற்கும் வரக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த கட்டுப்பாடு கண்ணாடி பிம்ப ஜோடி. ஆக்டெனாலுக்கு வலக்கை, இடக்கை போல ஆர், எஸ் என்று இரண்டு வடிவங்கள் உண்டு. இரண்டும் கொழுப்பில் நடைமுறையில் ஒரே அளவுதான் கரையும், சவ்வை ஒரே அளவுதான் தொந்தரவு செய்யும். ஆனால் ஏடிஸ் ஈஜிப்டி கொசுவின் எட்டாம் எண் ஏற்பி ஆர் வடிவத்துக்கு எஸ் வடிவத்தைவிட நன்றாகத் திறக்கும். உங்கள் சவ்வு இரண்டுக்கும் ஒரே மாதிரி பதில் சொன்னால் பதில் சொல்வது லிப்பிட். ஆர் வடிவத்துக்குக் குறைந்த செறிவிலேயே திறந்து, எஸ் வடிவத்துக்குத் தயங்கினால், அதை லிப்பிட்டால் செய்ய முடியாது. ஜோடி கிடைக்கும் மணமாகப் பார்த்து ஏற்பியைத் தேர்ந்தெடுப்பதேகூட நல்ல யோசனை. பாட்டிலின் தூய்மையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், 98 சதவீதம் என்றால் மீதி இரண்டு சதவீதத்தில் இருப்பதற்குக்கூட ஏற்பி திறக்கலாம்.

மணம் கொடுக்காமலே சேனல் திறந்து மூடுகிறது

இது பிழையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஏற்பியும் ஆர்கோவும் சேர்ந்த கூட்டு தூண்டுதல் இல்லாமலும் அவ்வப்போது திறக்கும். பூச்சியின் நரம்பு மணமே இல்லாதபோதும் துடித்துக்கொண்டிருப்பதில் இதற்கும் பங்குண்டு. உண்மையான சேனலா, கசிவா என்று அறிய ருதீனியம் ரெட் சேருங்கள். சேனல் என்றால் அடங்கும், கசிவு என்றால் கண்டுகொள்ளாது. பல நேர்மின் சுமைகள் கொண்ட அந்தச் சாயம் சவ்வைக் கடக்காது. ஏற்பி எந்தப் பக்கம் பார்த்துப் பதிந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, பாதிக்குப் பாதி இரு பக்கமும் பார்த்திருக்கலாம். ஆகவே இரு பக்கமும் சேருங்கள். ஒரு பக்கம் மட்டும் சேர்த்துவிட்டு பாதிதான் அடங்கியது, மீதி கசிவு என்று முடிவுகட்ட வேண்டாம்.

இரு பக்கமும் ஒரே உப்பு வைத்து மின்னழுத்தத்தைத் திருப்பிப் பாருங்கள். பூஜ்யத்தில் மின்னோட்டமும் பூஜ்யமாக வேண்டும். வராவிட்டால் எலக்ட்ரோடுக்குத் திரும்புங்கள்.

முதல் முறை நன்றாக வந்தது, அடுத்த முறை வரவே இல்லை

மணம் நீண்ட நேரம் இருந்தால் ஏற்பி சோர்ந்துபோவது இயல்பு. இடைவெளியைக் கூட்டுங்கள், துடிப்பைச் சுருக்குங்கள். அதற்கும் முன் கழுவுதல் முடிந்ததா என்று பாருங்கள்: சுற்றியுள்ள எண்ணெயும் ரப்பர் குழாயும் உறிஞ்சி வைத்த மணத்தைத் திருப்பிக் கசியவிடும், ஏற்பி நீங்கள் காலி என்று நினைக்கும் நேரத்திலும் மணத்திலேயே நனைந்து கிடக்கும். கூண்டைத் திறந்ததும் உங்கள் மூக்குக்கே மணம் தெரிந்தால் சவ்வுக்கும் தெரிகிறது. மணப் பாட்டில்களைக் கூண்டுக்கு வெளியே வையுங்கள்.

ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போனால், கடைசித் துடிப்புக்குப் பிறகு வி.யு.ஏ.ஏ.1 கொடுங்கள். அதற்குப் பழைய உயரமே வந்தால் சேனல்கள் அப்படியே இருக்கின்றன. மணக் கரைசலைப் புதிதாகக் கலக்குங்கள், இடைவெளியை நீட்டுங்கள். அதுவும் குறைந்திருந்தால் கெப்பாசிடன்ஸைப் பாருங்கள்: அதுவும் கூடவே இறங்கியிருந்தால் சவ்வு சுருங்கி, சேனல்கள் ஓரத்து லிப்பிட் வளையத்துக்குள் போயிருக்கின்றன. கெப்பாசிடன்ஸ் அதே இடத்தில் நிற்கிறது என்றால் புரதம் சாகிறது. அன்றைய லிப்போசோமை ஒதுக்கிவிட்டு, உறையவைத்து வைத்திருக்கும் அடுத்த குப்பியை எடுங்கள்.